நுண்ணதிர்வை அளக்க அசையாத ஒன்று வேண்டும்

உங்கள் கேள்வி இது: நுண்ணோக்கியில் பெரிதாக்கத்தைக் கூட்டினால் படம் கலங்குகிறது, மேசை மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, இத்தனை சிறிய அதிர்வை அளக்க எந்தக் கருவி வேண்டும், கைபேசிக்குள் இருக்கும் உணரி போதுமா, லேசர் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா, எவ்வளவு சிறிய அசைவு வரைக்கும் அளக்க முடியும்?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கைபேசி பாதி வழி வரும். ஜியோபோன் என்ற எளிய கருவி மீதி வழியை முடித்துவைக்கும். லேசர் உங்களுக்குத் தேவைப்படாது. ஏன் என்று விளக்கத்தான் மீதி எல்லாம் எழுதுகிறேன். காரணம் புரியாமல் விலை உயர்ந்த கருவியை வாங்கி, அது காட்டும் எண்ணை அப்படியே நம்பி, மாதக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பொருள் அசைகிறது என்று சொல்ல, அசையாத இன்னொரு பொருள் வேண்டும். மேசை ஆடும்போது அதன்மேல் வைத்த அளவுகோலும் சேர்ந்து ஆடினால் அளவுகோலில் ஒன்றும் தெரியாது. தரையில் நின்று பார்க்கலாம் என்றால் தரையும் ஆடுகிறது. சுவரில் சாய்ந்து பார்க்கலாம் என்றால் கட்டடமே ஆடுகிறது. அப்படியானால் எங்கே நின்றுகொண்டு அளப்பது? நுண்ணதிர்வுக் கருவிகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் கண்ட வெவ்வேறு விடைகள். எந்தக் கருவியைப் பார்த்தாலும் இதற்குள் அசையாமல் இருப்பது எது என்று கேளுங்கள். கருவி பாதி புரிந்துவிடும்.

முதல் விடையை நீங்களே செய்து பார்க்கலாம். கனமான பூட்டு ஒன்றை எடுத்து, நான்கைந்து ரப்பர் வளையங்களைக் கோத்து அதில் தொங்கவிடுங்கள். கையை மெல்ல மேலும் கீழும் கொண்டுபோனால் பூட்டு கூடவே வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கை அசைவதைவிடப் பூட்டு அதிகமாகத் துள்ளும். அந்த வேகம்தான் அதன் இயல் அதிர்வெண். அதையும் தாண்டி விறுவிறுவென்று ஆட்டுங்கள். கை ஆடும், ரப்பர் நீண்டு சுருங்கும், பூட்டு மட்டும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். தேடிய அசையாப் பொருள் கிடைத்துவிட்டது. பூட்டுக்கும் கைக்கும் இடையே தூரம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், அதுவே கையின் அசைவு.

நில அதிர்வுமானியும் ஜியோபோனும் இந்தப் பூட்டுதான். இயல் அதிர்வெண்ணுக்கு மேலே இருக்கும் அதிர்வுகளை அவை அளக்கின்றன. இதே அமைப்பைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ரப்பருக்குப் பதில் மிக விறைப்பான ஒன்றை வைத்து, இயல் அதிர்வெண்ணைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்குப் பல்லாயிரம் ஆட்டங்களுக்கு, தள்ளிவிட்டால், பூட்டு எப்போதும் கையோடு சேர்ந்தே போகும். அதை இழுத்துக்கொண்டு போக எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்தால் முடுக்கம் தெரியும். இதுதான் முடுக்கமானி. ஒரே பூட்டு, ஒரே ரப்பர். இயல் அதிர்வெண்ணுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு கருவி, அந்தப் பக்கம் நின்றால் இன்னொரு கருவி.

எந்தப் பக்கம் நிற்பது என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். “ஒரு மைக்ரோமீட்டர் அதிர்வை அளக்கும் கருவி வேண்டும்” என்று கேட்பார்கள். எந்த அதிர்வெண்ணில் என்று சொல்லாத வரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கணக்கைப் பாருங்கள். வீச்சு ஒரு மைக்ரோமீட்டர்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,000 முறை ஆடினால் முடுக்கம் 4 ஜி; அதாவது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு, எந்த மலிவான உணரியும் அலறும். நொடிக்கு 100 முறை என்றால் 40 மில்லி ஜி. 10 முறை என்றால் 0.4 மில்லி ஜி. நொடிக்கு ஒரே முறை என்றால் 4 மைக்ரோ ஜி. ஜியில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. அசைவின் அளவு மாறவேயில்லை. அதிர்வெண் பத்து மடங்கு குறையும்போதெல்லாம் முடுக்கம் நூறு மடங்கு குறைகிறது. அதனால்தான் வேகமான அதிர்வுகளுக்கு முடுக்கமானியும், மெதுவான அதிர்வுகளுக்கு நில அதிர்வுமானியும் என்று தொழிலே இரண்டாகப் பிரிந்தது.

இப்போது உங்கள் கைபேசி. அதற்குள் இருப்பது சிலிக்கானில் செதுக்கிய முடுக்கமானி. மணல் துகளைவிட எடை குறைந்த ஒரு சிலிக்கான் துண்டு, சிலிக்கான் கம்பிகளில் தொங்குகிறது. அதன் விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற விரல்கள். அவற்றுக்கு எதிரே அசையாத விரல்கள். இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறன் மாறும், அதைச் சுற்று படிக்கும். 1990களின் தொடக்கத்தில் கார்களின் காற்றுப்பைகளை விரியவைப்பதற்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட தொழில்நுட்பம் இது. எடை இவ்வளவு குறைவாக இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுற்றியுள்ள காற்று மூலக்கூறுகள் மோதி மோதியே அந்தத் துண்டு தானாக நடுங்கும். எடை குறையக் குறைய இந்த வெப்ப நடுக்கம் கூடும். சுற்றின் இரைச்சலும் இதோடு சேர, கைபேசி உணரிகளின் இரைச்சல் பொதுவாக ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 100 முதல் 200 மைக்ரோ ஜி வரை இருக்கும்.

இதை அசைவாக மாற்றிப் பாருங்கள். 150 மைக்ரோ ஜி என்று எடுத்துக்கொண்டால், 20 ஹெர்ட்ஸில் அது 0.1 மைக்ரோமீட்டர். ஓரிடத்தில் ஓடும் மோட்டார் 20 ஹெர்ட்ஸில் மேசையை அரை மைக்ரோமீட்டர் ஆட்டினால், சில நிமிடப் பதிவை எடுத்து அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் கைபேசி அதைக் கண்டுபிடித்துவிடும். வியப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 2 ஹெர்ட்ஸுக்கு வாருங்கள்: அதே இரைச்சல் 10 மைக்ரோமீட்டராகிவிடுகிறது. கட்டடம் மெதுவாக அசைவதைக் கைபேசி பார்க்கவே பார்க்காது. பாதி வழி என்று நான் சொன்னது இதைத்தான்.

மெதுவான அதிர்வுகளுக்கு என்ன வழி என்பது இந்தத் துறையின் மிக அழகான கதை. பூட்டு அசையாமல் நிற்க வேண்டுமென்றால் இயல் அதிர்வெண் அளக்கவேண்டிய அதிர்வைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். மென்மையான ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டால் தொய்யும். எவ்வளவு தொய்யும்? நொடிக்கு ஒரு முறை ஆடும் அமைப்பு 25 சென்டிமீட்டர் தொய்யும், பரவாயில்லை. பத்து நொடிக்கு ஒரு முறை ஆட வேண்டுமானால் 25 மீட்டர். நூறு நொடிக்கு ஒரு முறை என்றால் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்பிரிங் தொய்ந்து தொங்க வேண்டும். கண்டங்களைக் கடந்து வரும் நிலநடுக்க அலைகள் இருபது நொடி, நூறு நொடி என்ற கணக்கில் ஆடுபவை. அவற்றை மேசை மீது வைக்கும் பெட்டிக்குள் எப்படிப் பிடிப்பது?

கிடை அசைவுக்கு விடை முன்பே கிடைத்துவிட்டது. தோட்டக் கதவு ஒன்றின் கீல்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்திருந்தால், கதவைத் தள்ளிவிட்டதும் அது மிக மெதுவாகப் போய்த் திரும்பி வரும். சாய்வு குறையக் குறைய ஆட்டம் மெதுவாகும். இந்தக் கிடை ஊசலை வைத்துக்கொண்டு எர்ன்ஸ்ட் ஃபான் ரெபாய்ர் பாஷ்விட்ஸ் என்ற ஜெர்மானியர் நிலம் மிக நுணுக்கமாகச் சாய்வதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊசலில் ஒட்டிய கண்ணாடியிலிருந்து தெறிக்கும் ஒளி, நகரும் புகைப்படத் தாளில் கோடு போடும். 1889 ஏப்ரலில் போட்ஸ்டாமிலும் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனிலும் இருந்த அவருடைய இரண்டு கருவிகளின் கோடுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கலைந்திருந்தன. பிறகு ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைப் பற்றிய செய்தியைப் படித்தபோது இரண்டையும் பொருத்திப் பார்த்தார். பூமியின் ஒரு பக்கத்தில் நேர்ந்த நடுக்கத்தை வெகுதொலைவில், யாருக்கும் உறைக்காத இடத்தில், கருவி பதிவு செய்தது என்று அடையாளம் காணப்பட்ட முதல் தருணம் அதுதான். தொலைநிலநடுக்கவியல் என்ற துறையே அந்தக் கலைந்த கோட்டிலிருந்து பிறந்தது. 1895-இல், 34 வயதில் அவர் இறந்துபோனார்.

செங்குத்து அசைவுக்கு விடை கிடைக்க இன்னும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் லூசியன் லாகோஸ்ட், தம் பேராசிரியர் ஆர்னால்டு ராம்பெர்க் கொடுத்த கணக்காக இதை எடுத்துக்கொண்டார். 1934-இல் வெளியிட்ட அவருடைய தீர்வு ‘சுழிநீள ஸ்பிரிங்’; சுழி என்றால் இங்கே பூஜ்யம். சுற்றும்போதே முறுக்கேற்றிச் சுற்றிய ஸ்பிரிங் அது. அதன் விசை, நீட்சிக்கு ஏற்ப அல்லாமல் முழு நீளத்துக்கும் ஏற்ப இருக்கும். அதைச் சாய்வாகப் பொருத்தினால் எடையை எந்த உயரத்தில் விட்டாலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். கையடக்கமான அமைப்பு, ஆனால் நீண்ட ஆட்டம். கிலோமீட்டர் நீளத் தொய்வை ஒரு மாணவர் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டார்.

இன்றைய அகலப்பட்டை நில அதிர்வுமானிகள் அதற்கு மேலும் ஒரு படி போயிருக்கின்றன. உள்ளே எடையை ஆடவே விடுவதில்லை. எடை இம்மியளவு நகர்ந்தாலும் மின்தேக்கி உணரி கண்டுகொள்ளும். உடனே சுருள் ஒன்றில் மின்னோட்டம் பாய்ந்து காந்த விசையால் எடையை இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும். அதைப் பிடித்து நிறுத்த எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே அளவீடு. 120 நொடிக்கு ஒருமுறை ஆடுவதிலிருந்து நொடிக்கு 50 முறை ஆடுவது வரை ஒரே கருவி பார்க்கும்.

இப்படிப்பட்ட கருவியின் பதிவை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், ஏதோ பழுது என்றே நினைப்பார்கள். நிலநடுக்கம் எதுவும் இல்லாத அமைதியான இரவிலும் கோடு நிற்காமல் அலையும். ஐந்து முதல் எட்டு நொடிக்கு ஒரு முறை தரை மைக்ரோமீட்டர் அளவில் ஏறி இறங்கும். அது கடல். எதிரெதிர்த் திசைகளில் வரும் அலைகள் நடுக்கடலில் சந்திக்கும்போது கடலடியில் ஏற்படும் அழுத்த மாற்றம், கண்டங்களின் நடுப்பகுதி வரை தரையை ஆட்டுகிறது. 1950-இல் லாங்கெட் ஹிக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் இதைக் கணிதத்தால் விளக்கினார். நாம் நிற்கும் தரை ஒரு நொடிகூட ஓய்வதில்லை. மனிதர்களால் உண்டாகும் இரைச்சல் இதற்கு மேலே, 1 ஹெர்ட்ஸைத் தாண்டிய பகுதியில் இருக்கிறது. 2020 பெருந்தொற்று முடக்கத்தின்போது உலகின் பல நிலையங்களில் அந்த இரைச்சல் பாதி வரை குறைந்ததை நில அதிர்வுமானிகள் பதிவு செய்தன.

உங்களுக்கு இவ்வளவு பெரிய கருவி வேண்டாம். ஜியோபோன் போதும் என்று சொன்னேன். அதன் எளிமை எனக்கு எப்போதும் பிடிக்கும். கட்டைவிரல் பருமனுள்ள உலோகக் குப்பி. உள்ளே கூட்டோடு பொருத்திய காந்தம். அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்கும் செம்புக்கம்பிச் சுருள். கூடு ஆடும்போது சுருள் அந்தப் பூட்டைப் போல நின்றுவிடும். காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையிலான வேகம் மின்னழுத்தமாக வெளியே வரும். மின்கலம் வேண்டாம், உள்ளே இரைச்சல் போடும் சுற்றும் இல்லை. பரவலாகக் கிடைக்கும் 4.5 ஹெர்ட்ஸ் வகை ஒன்று, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குச் சுமார் 28 வோல்ட் தரும். மேசை 10 ஹெர்ட்ஸில் வெறும் 16 நானோமீட்டர் ஆடினால் அதன் வேகம் நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர். ஜியோபோன் 28 மைக்ரோவோல்ட் கொடுக்கும். நல்ல பெருக்கி ஒன்று இருந்தால் அதைச் சிரமமில்லாமல் படித்துவிடலாம். 4.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது வேகமாகக் காது மந்தமாகிவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பீசோ படிக முடுக்கமானிதான் தொழிற்சாலைகளில் அதிகம் புழங்குவது. படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதை ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். உலோக எடை ஒன்று படிகத்தை அழுத்திக்கொண்டிருக்கும், அதிர்ந்தால் அழுத்தம் மாறும், மின்னூட்டம் வரும். ஒரு ஜிக்கு 100 மில்லிவோல்ட் தருவது சாதாரண வகை. நுண்ணதிர்வுக்கென்று பெரிய எடை வைத்துச் செய்த வகைகள் ஒரு ஜிக்கு 10 வோல்ட் தரும்; அவை மைக்ரோ ஜி அளவிலான அதிர்வையும் பார்க்கும்.

உணரியை வாங்குவதில் செலவழிக்கும் கவனத்தில் பாதியை அதைப் பொருத்துவதில் செலவழித்தால் பாதிப் பிழைகள் ஒழிந்துவிடும். தேன்மெழுகை எடுத்துக்கொள்வோம். குன்றிமணி அளவு கிள்ளி விரல்களுக்கிடையே உருட்டினால் உடல் சூட்டில் இளகும். உணரியின் அடிப்பாகத்தில் தடவி, பரப்பில் வைத்துத் திருகுவதுபோல் அழுத்த வேண்டும். ஓரத்தில் மெழுகு பிதுங்கி வர வேண்டும். இடையில் தங்கும் படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடித்த மெழுகு ஒரு மெத்தை. மெத்தையின் மேல் இருக்கும் உணரி அந்த மெத்தையின் ஆட்டத்தைத்தான் அளக்கும். திருகி முடுக்கினால் பத்தாயிரம் ஹெர்ட்ஸ் வரை நம்பலாம். காந்தத்தால் ஒட்டினால் சில ஆயிரம். கையில் பிடித்து முனையால் தொட்டால் ஆயிரத்தைத் தாண்டாது. கம்பியை உணரிக்கு அருகிலேயே ஒட்டுநாடாவால் பரப்போடு ஒட்டிவிட வேண்டும். தொங்கும் கம்பி தானும் ஆடும், உணரியையும் இழுக்கும்.

ஒருமுறை ஆய்வுக்கூடம் ஒன்றில் மேசையின் அதிர்வை அளந்துகொண்டிருந்தோம். எதை நிறுத்தினாலும் ஓர் அதிர்வெண் மட்டும் போகவே இல்லை. குளிரூட்டியை நிறுத்தினோம், வெற்றிட எக்கியை நிறுத்தினோம், பக்கத்து அறைகளையும் அமைதியாக்கினோம். மூன்றாம் நாள் பதிவுக் கருவியைத் தூக்கித் தரையில் வைத்ததும் அது மறைந்துவிட்டது. பதிவுக் கருவிக்குள் இருந்த சிறிய விசிறிதான் மேசையை ஆட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அளக்கும் பரப்பின் மேல் மின்சாரத்தில் ஓடும் எதையும் நான் வைப்பதில்லை.

செவ்வாய்க் கோளுக்குப் போனவர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். 1976-இல் இறங்கிய வைக்கிங் 2 கலத்தின் நில அதிர்வுமானி, கலத்தின் உடலின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தது. காற்று வீசும்போதெல்லாம் கலம் ஆடியது. கருவி பெரும்பாலும் காற்றைத்தான் பதிவு செய்தது. 2018 நவம்பர் 26 அன்று இறங்கிய இன்சைட் கலம், இயந்திரக் கையால் தன் நில அதிர்வுமானியைத் தூக்கித் தரையில் வைத்து, காற்றும் வெப்பமும் தாக்காதபடி மேலே கவிகை மூடியது. 2016-இலேயே புறப்பட வேண்டிய கலம் அது. உணரியின் வெற்றிடக் கூட்டில் ஏற்பட்ட மிகச் சிறிய கசிவால் பயணம் இரண்டாண்டு தள்ளிப்போனது. காத்திருந்தது வீண்போகவில்லை. 2019 ஏப்ரல் 6 அன்று முதல் செவ்வாய் நடுக்கத்தைக் கேட்டது. பணி முடிவதற்குள் 1,300-க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்தது.

இவை எல்லாம் பொருளோடு ஒட்டிக்கொண்டு அளப்பவை. ஒட்டவே முடியாத பொருள்கள் இருக்கின்றன. உணரியின் எடை, ஆடும் பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அளவீடு பொருளையே மாற்றிவிடும். செவிப்பறையில் எதை ஒட்டுவது? பூச்சி நடக்கும் இலையில் எதை ஒட்டுவது? இங்கே ஒளியைத் துணைக்கு அழைக்கிறோம்; ஒளியின் அலைநீளமே இங்கு அளவுகோல். லேசர் டாப்ளர் அதிர்வுமானி ஒரு கதிரைப் பொருளின் மேல் விழவைத்து, திரும்பி வரும் ஒளியைப் புறப்பட்ட ஒளியோடு கலந்து பார்க்கிறது. பொருள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வந்தால், சிவப்பு ஹீலியம் நியான் ஒளியின் அதிர்வெண் சுமார் 3,160 ஹெர்ட்ஸ் கூடுகிறது. ஒளியின் அதிர்வெண்ணோ நொடிக்குக் கோடி கோடி என்ற கணக்கில் இருப்பது. அதில் 3,160 வித்தியாசத்தைப் பிடிக்க முடிகிறதென்றால், இரண்டு ஒளிகளும் கலக்கும்போது உண்டாகும் விம்மல்தான் காரணம்; இரண்டு தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது கேட்குமே, அதே விம்மல். நல்ல கருவிகள் உயர் அதிர்வெண்களில் பிக்கோமீட்டர் வரை, அதாவது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை, போகும்.

காதைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடந்துபோக மனம் வரவில்லை. காதின் உட்சுருளில் ஒலி எப்படிப் பயணிக்கிறது என்பதை கியோர்க் ஃபான் பேகேஷி இறந்தவர்களின் காதுகளில் நுண்ணோக்கியும் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கும் வைத்துப் பார்த்தார். நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமென்பதற்காக மிகப் பலத்த ஒலி கொடுக்க வேண்டியிருந்தது. உயிருள்ள காதில், இயல்பான ஒலியில் ஏற்படும் அசைவு அதைவிட மிக மிகச் சிறியது. 1967-இல் ஜான்ஸ்டோனும் பாயிலும் காமாக் கதிர் வீசும் மிகச் சிறிய துணுக்கு ஒன்றைக் கினிப்பன்றியின் உட்காதுச் சவ்வில் வைத்து, மோஸ்பவர் விளைவால் அதன் வேகத்தை அளந்தார்கள். காமாக் கதிரின் ஆற்றல், மூலம் மிக மெல்ல நகர்ந்தாலே ஏற்பியோடு பொருந்தாமல் போய்விடும். அந்தப் பொருந்தாமையே வேகத்தின் அளவு. பேகேஷியும் மோஸ்பவரும் நோபல் பரிசு பெற்றது ஒரே ஆண்டில், 1961-இல், வெவ்வேறு துறைகளில். ஆறே ஆண்டுகளில் ஒருவர் கண்ட விளைவு இன்னொருவரின் கேள்விக்குக் கருவியாயிற்று. இப்போது அந்த வேலையை லேசர் செய்கிறது.

மற்ற வகைகளைத் தொட்டுக்காட்டிவிட்டுப் போகிறேன். சுழலும் தண்டின் ஆட்டத்தைத் தாங்கியின் உள்ளிருந்து அளக்கச் சுழிமின்னோட்ட உணரி. நானோமீட்டர் இடைவெளியை நிலையாகப் பார்க்க மின்தேக்கி உணரி. கிலோமீட்டர் கணக்கில் நீளும் கண்ணாடி இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பி, வழியெங்கும் சிதறித் திரும்பும் ஒளியைப் படித்து, இழை முழுவதையும் வரிசையான அதிர்வு உணரிகளாக மாற்றும் முறையும் இருக்கிறது.

மிகச் சிறியது எது என்று கேட்டீர்கள். 2015 செப்டம்பர் 14 அன்று, லேசரை வைத்து ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்காவின் லைகோ நிலையங்கள் ஈர்ப்பலையைக் கண்டபோது, 4 கிலோமீட்டர் நீளக் கரங்களின் நீளம் மாறியது இவ்வளவுதான்: ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டாக்கி, ஒரு துண்டை எடுத்து அதை மறுபடி நூறு கோடித் துண்டாக்கினால், அதில் நான்கு. ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கு. தரை மைக்ரோமீட்டர் கணக்கில் ஆடும் பூமியில் இது எப்படிச் சாத்தியம்? அதே பூட்டு, அதே ரப்பர். 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகளை நான்கு அடுக்கு ஊசல்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இயல் அதிர்வெண்ணைப் போலப் பத்து மடங்கு அதிர்வெண்ணில் ஓர் ஊசல் அதிர்வை நூறில் ஒன்றாக்கும். நான்கு ஊசல்கள் பத்து கோடியில் ஒன்றாக்கும். இத்தனை காப்புக்குப் பிறகும் 2017-இல் லைகோவின் ஹான்ஃபோர்டு நிலையத்தின் பதிவுகளில் விளக்கமில்லாத துடிப்புகள் வந்தன. தேடிப் போனவர்கள், குளிர்விக்கும் குழாயின் மேல் படிந்த உறைபனியில் அலகால் கொத்திய தடங்களைக் கண்டார்கள். தாகமெடுத்த அண்டங்காக்கைகள்.

இனி உங்கள் மேசை. அதிர்வைத் தாங்காத கருவிகளை வைக்கும் அறைகளுக்கு ஒரு வரையறை புழக்கத்தில் இருக்கிறது. நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் வேகம் என்பது மனிதருக்கு அதிர்வு உறைக்கத் தொடங்கும் எல்லையை ஒட்டியது. அதிர்வு அதைத் தாண்டாத அறையில் 100 மடங்கு பெரிதாக்கம் வரை நிம்மதியாகப் பார்க்கலாம். 400 மடங்குக்கு அது நொடிக்கு 50 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். உள்ளங்கைக்குத் தெரியாத அதிர்வு படத்தைக் கலக்குவது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். 20 ஹெர்ட்ஸில் அந்த 50 என்பது 0.4 மைக்ரோமீட்டர் அசைவு. ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக்காட்ட முடிந்த மிகச் சிறிய தூரமோ சுமார் 0.2 மைக்ரோமீட்டர்.

இன்னொன்றும் கவனியுங்கள். தரை கடலலையோடு மைக்ரோமீட்டர் கணக்கில் ஏறி இறங்குவது உங்கள் படத்தைத் தொடுவதில்லை. மேசை, நுண்ணோக்கி, கண்ணாடிச் சில்லு, பொருளருகு வில்லை எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. படத்தைக் கலக்குவது வில்லைக்கும் சில்லுக்கும் இடையிலான அசைவு மட்டுமே. மேசையை மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

எனவே முதல் கருவி உங்கள் நுண்ணோக்கியேதான். சில்லில் ஒரு தூசித் துகளைக் குவியத்தில் வைத்துக் கேமராவில் பதிவு செய்து, படத்துக்குப் படம் அது எங்கே போகிறது என்று குறியுங்கள். வில்லைக்கும் சில்லுக்கும் இடையிலான அசைவே நேராகக் கிடைத்துவிடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா 15 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வேடமிட்டுக் காட்டும். 25 ஹெர்ட்ஸ் அதிர்வு 5 ஹெர்ட்ஸ் போலத் தெரியும். அதிர்வெண்ணைச் சரிபார்க்கக் கைபேசியை நுண்ணோக்கியின் அடிப்பாகத்தில் மெழுகால் ஒட்டி ஐந்து நிமிடம் பதிவெடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும், நான்கு காந்தமுனைகள் கொண்ட மோட்டார்கள் 25-க்குச் சற்றுக் கீழே, 24.5 ஹெர்ட்ஸ் வாக்கில் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 29 ஹெர்ட்ஸ் வாக்கில். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

கைபேசியில் ஒன்றும் தெரியாமல் படம் மட்டும் ஆடினால் அதிர்வு மெதுவானதாக இருக்கும். அப்போது ஜியோபோனுக்குப் போங்கள். இரண்டாக வாங்குங்கள். முதலில் இரண்டையும் தரையில் ஒட்டி அருகருகே வைத்துப் பதிவெடுங்கள். இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பது தரையின் அதிர்வு. வேறுபடுவது கருவிகளின் சொந்த இரைச்சல். அந்த இரைச்சலுக்குக் கீழே தெரியும் எதையும் நம்பாதீர்கள். பிறகு ஒன்றைத் தரையிலும் ஒன்றை மேசையிலும் வைத்தால், எந்த அதிர்வெண்ணை மேசை பெருக்குகிறது என்று தெரியும்.

அது தெரியும் முன் காற்றுமெத்தை மேசை வாங்கிவிடாதீர்கள். அதன் இயல் அதிர்வெண் 1 முதல் 2 ஹெர்ட்ஸ். மோட்டார் அதிர்வை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் உங்கள் சிக்கல் 2 ஹெர்ட்ஸில் அசையும் கட்டடம் என்றால், ரப்பரில் துள்ளிய பூட்டைப் போல அந்த மேசை அதிர்வைக் கூட்டித்தான் கொடுக்கும். மேசையில் ஒன்றுமில்லாமல் துகளின் ஆட்டம் மட்டும் 30, 40 ஹெர்ட்ஸில் இருந்தால், நுண்ணோக்கியின் கையையோ சில்லுத் தாங்கியையோ பிடித்திருக்கும் திருகுகளை முதலில் முடுக்கிப் பாருங்கள். கேமரா நீண்ட குழாயின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி அதே தூசித் துகளைப் பதிவெடுங்கள்.